இருமலும் காய்ச்சலும் இல்லாமல் வரும் நிமோனியா: முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு எதைச் சொல்லித்தருவது?

அல்சூர் சிஸ்டர்:

வணக்கம். பெங்களூரில் வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அல்சூர், பிரேசர் டவுன், இந்திராநகர் பக்கத்து வீடுகள். வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தர்மபுரி, கோலார் தங்கவயல் பெண்கள். பிரஷர் பார்ப்பார்கள், சுகர் பார்ப்பார்கள், ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய்) கஞ்சி கொடுப்பார்கள். நிமோனியா என்றால் மட்டும் காய்ச்சல், இருமல், சளி மூன்றும் இருக்க வேண்டும் என்றே நம்புகிறார்கள். "காய்ச்சல் இல்லையே மேடம், அதனால்தான் சொல்லவில்லை" என்ற பதிலை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

காய்ச்சலும் இருமலும் இல்லாதபோது வீட்டில் இருப்பவர் எதைக் கவனித்தால் சந்தேகம் வர வேண்டும்? வயிற்றுவலி, விக்கல் என்று தொடங்கி நிமோனியாவில் முடிவது எதனால்? மருந்து தொடங்கியபின் சரியாகவில்லை என்பதை எத்தனை நாளில், எதை வைத்துச் சொல்லலாம்? ஆக்ஸிமீட்டர் 95 காட்டினால் நம்பி இருக்கலாமா? வகுப்பில் சொல்லும் அளவுக்கு எண்களோடு பதில் வேண்டும்.

ஜெயநகர் பொதுமருத்துவர்:

சிஸ்டர், ஒன்றே ஒன்றைத்தான் சொல்லித்தர முடியும் என்றால் மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுங்கள். காய்ச்சல், இருமல் வருவதற்கு ஒரு நாள் முன்பே மூச்சின் வேகம் கூடிவிடுவது உண்டு. பிரஷர், பல்ஸ், சுகர் எல்லாம் எழுதுவார்கள். மூச்சுக் கட்டத்தில் மட்டும் எண்ணாமலே தினமும் 18 என்று எழுதிவைப்பார்கள்.

எண்ணும் முறை: "மூச்சை எண்ணப்போகிறேன்" என்று சொல்லக்கூடாது, சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலே நாலு எண் பிசகும். சாப்பிட்ட உடனோ, பாத்ரூம் போய்வந்த உடனோ எண்ணக்கூடாது. நன்றாக இருக்கும் நாட்களில் அவருக்கு வழக்கம் என்ன என்று காலண்டரில் குறித்துவைத்திருக்க வேண்டும். வழக்கத்தைவிடக் கூடி 20-ஐத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் திரும்ப எண்ணலாம். 25 என்றால் அன்றைக்கே டாக்டர். 30 என்றால் உடனே ஆஸ்பத்திரி.

காய்ச்சலை 100 டிகிரி என்ற ஒரே கோட்டால் அளக்காதீர்கள். முதியவர் பலருக்கு இயல்பே 97-க்குக் கீழ்தான். வழக்கத்தைவிட 2 டிகிரி பாரன்ஹீட் ஏறினாலே அது காய்ச்சல். மூட்டுவலிக்குத் தினமும் பாரசிட்டமால் எடுப்பவருக்கும், ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவருக்கும் அந்த ஏற்றமும் மறைந்துபோகும். நாடியும் அப்படித்தான். நாடியை மெதுவாக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனலால் மாத்திரை சாப்பிடுபவருக்கு நோய் முற்றினாலும் நாடி 80-ஐத் தாண்டாமல் இருக்கலாம்.

அடுத்தது புத்தித் தடுமாற்றம். நேற்றுவரை பேரனின் பெயர் சொன்னவர் இன்று சொல்லவில்லை, பகல் எது இரவு எது என்று தெரியவில்லை என்றால் யாரும் கவனிப்பார்கள். தவறிப்போவது இதன் அமைதியான வடிவம்: சத்தம் போடாமல் தூங்கிக்கொண்டே இருப்பார், கேட்டால் ஒரு வார்த்தையில் பதில், தட்டில் வைத்த இட்லி அப்படியே இருக்கும். "இன்றைக்குத் தொந்தரவே இல்லை, நன்றாகத் தூங்குகிறார்" என்று பணியாளர் நிம்மதியாகச் சொல்வார். அந்த நாளில்தான் மூச்சை எண்ண வேண்டும். காரணமில்லாமல் கீழே விழுவது, புதிதாகப் படுக்கையில் சிறுநீர் போவது, சாப்பாடு குறைந்தும் சுகர் ஏறுவது, நாடி திடீரென்று தாளம் தப்பி ஓடுவது ஆகியவையும் நிமோனியாவின் முதல் அறிகுறியாக வரலாம்.

ஆக்ஸிமீட்டர் பற்றி: விரல் குளிர்ந்திருந்தாலும் நெயில் பாலிஷ் இருந்தாலும் எண் நம்பகமில்லை. கருத்த தோலில் உண்மை அளவைவிட ஓரிரு புள்ளி கூட்டிக் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் காத்திருந்து படிக்க வேண்டும். வழக்கமாக 98 இருப்பவருக்கு 94 என்றால் சொல்லியாக வேண்டும். 95 காட்டும்போதே மூச்சு 28 என்றால் மூச்சை நம்புங்கள். அவர் வேகமாக இழுத்துத்தான் அந்த 95-ஐப் பிடித்துவைத்திருக்கிறார். பழைய சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) நோயாளிக்கு இலக்கே 88 முதல் 92 வரைதான். அவருக்கு வீட்டு ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிடக்கூடாது.

வகுப்பில் நர்ஸிங் படித்தவர்கள் இருந்தால் நிமோனியாவின் தீவிரத்தை அளக்கும் கர்ப்-65 மதிப்பெண்ணையும் சொல்லுங்கள்: குழப்பம், யூரியா கூடுதல், மூச்சு 30 அல்லது மேல், பிரஷர் மேலே 90-க்குக் கீழ் அல்லது கீழே 60-க்கு மிகாமல், வயது 65 அல்லது மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 2 என்றால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும், 3 அல்லது மேல் என்றால் தீவிரம். யூரியாவில் ஒரு குழப்பம் வரும். புத்தகத்தில் 7 மில்லிமோல் என்றிருக்கும். நம் லேப் ரிப்போர்ட்டில் "பிளட் யூரியா" என்று வந்தால் அது டெசிலிட்டருக்கு 42 மி.கி., "பி.யு.என்." (யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்று வந்தால் 20. இரண்டையும் ஒன்றென்று எடுத்தால் நோய் இரண்டு மடங்காகவோ பாதியாகவோ தெரியும்.

குழந்தைகள் வார்டு:

வயிற்றுவலிக் கேள்விக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் அதிகம் ஏமாற்றுவது குழந்தைகள்தான். நுரையீரலின் அடிப்பாகத்தில் நிமோனியா வந்தால் அதை ஒட்டிய உறை அழற்சியாகும். உதரவிதானத்தின் ஓரப்பகுதிக்கும் மேல்வயிற்றுத் தோலுக்கும் போவது ஒரே கீழ் விலா நரம்புகள். அதனால் வலி வயிற்றில் தெரியும். வலது அடிப்பாகம் என்றால் அப்பெண்டிக்ஸ் அல்லது பித்தப்பை என்று தோன்றும். உதரவிதானத்தின் நடுப்பகுதி எரிந்தால் வலி தோள்பட்டையில் வரும், ஏனென்றால் அங்கே போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. அதே நரம்பு சீண்டப்பட்டால் விடாத விக்கல். பெரியவர்களுக்கும் இதே கதைதான்.

பிரித்துப்பார்க்க ஒரு வழி: அப்பெண்டிக்ஸ் என்றால் வயிற்றை அழுத்தும்போது வலி கூடி, வயிறு இறுகி நிற்கும். நிமோனியா என்றால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெதுவாக அழுத்தினால் வயிறு இளகிவிடும், ஆனால் மூச்சு வேகம் மட்டும் குறையாது, மூக்கு விடைக்கும். வாந்தியும் காய்ச்சலும் இரண்டிலும் உண்டு என்பதால் அவற்றை வைத்து முடிவெடுக்கக்கூடாது.

நுரையீரலின் மேல்பகுதி நிமோனியாவில் சில குழந்தைகளுக்குக் கழுத்து விறைக்கும். மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதியாகும்வரை அதை மூளைக்காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேக மூச்சுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு: 2 மாதத்துக்குள் 60 அல்லது மேல், 2 முதல் 11 மாதம்வரை 50 அல்லது மேல், 1 முதல் 5 வயதுவரை 40 அல்லது மேல். அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், அல்லது மூச்சு விடும்போது முனகல் சத்தம் வந்தால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், கிளம்புங்கள்.

இன்னொன்று, அரிதானது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். நிமோகாக்கஸ் கிருமியால் வரும் நிமோனியாவுக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை வெளுத்துப்போய், சிறுநீர் குறைந்து, பிளேட்லெட்டும் இறங்கினால் ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம் (சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகம் பழுதாகும் நோய்) என்று நினைக்க வேண்டும். வழக்கமாக வயிற்றுப்போக்கோடு வருவதிலிருந்து இது வேறு. இதில் கூம்ப்ஸ் சோதனை (சிவப்பணுவில் எதிர்ப்பொருள் ஒட்டியிருப்பதைக் காட்டுவது) பாசிட்டிவாக வரக்கூடும், பிளாஸ்மா ஏற்றுவதைத் தவிர்ப்பார்கள். டயப்பர் கனம் குறைவதைத் தாயும் நர்ஸும்தான் முதலில் உணர்வார்கள்.

நெஞ்சகப் பிரிவு:

மூன்றாவது கேள்விதான் இருப்பதிலேயே பெரியது. சரியான ஆன்டிபயாடிக் போனால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கி, மூச்சு எண்ணிக்கை குறைந்து, கொஞ்சம் சாப்பிடத் தொடங்க வேண்டும். இருமலும் அசதியும் வாரக்கணக்கில் நீடிக்கும், அதைத் தோல்வி என்று எடுக்க வேண்டாம். 72 மணி ஆகியும் காய்ச்சல் அப்படியே இருந்தால் மருந்தை மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கிறதா? சர்க்கரை நோயாளி, குடிப்பழக்கம் உள்ளவர், படுத்தே இருப்பவர் என்றால் நான் 72-க்குக் காத்திருக்கமாட்டேன், 48-லேயே நெஞ்சு அல்ட்ராசவுண்ட் பார்ப்பேன். படுக்கையில் வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் நீர் முதுகுப்பக்கம் பரவிக் கிடக்கும், படம் லேசாக மங்கலாகத் தெரிவதோடு சரி. இதயத்துக்குப் பின்னால் இருக்கும் இடது அடிப்பாக நிமோனியாவும் அந்தப் படத்தில் ஒளிந்துகொள்ளும்.

அல்ட்ராசவுண்டில் நீரின் ஆழம் 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஊசி போட்டு எடுத்துப் பார்ப்பது வழக்கம். சீழாக வந்தால் பேச்சே இல்லை, டியூப் வேண்டும். தெளிவாக வந்தால் பி.ஹெச். (அமில அளவு) முக்கியம்: 7.2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் டியூப். இந்த ஒரு எண்ணைக் கெடுக்க மூன்று வழி உண்டு, மூன்றும் வார்டில் தினமும் நடக்கின்றன. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் சிரிஞ்சிலேயே நீரையும் எடுத்தால் பி.ஹெச். பொய்யாகக் குறையும். சிரிஞ்சில் காற்றுக்குமிழ் இருந்தால் பொய்யாகக் கூடும். மாதிரியை மேசையில் மணிக்கணக்கில் வைத்தாலும் மாறும். ஹெப்பரின் தடவிய புது சிரிஞ்சில் எடுத்து, காற்றை வெளியேற்றி, மூடி போட்டு, ரத்த வாயு மெஷினில் உடனே ஓட்ட வேண்டும். லிட்மஸ் காகிதம் உதவாது. மெஷின் இல்லையென்றால் நீரின் குளுக்கோஸைப் பாருங்கள்: 60 மி.கி.க்குக் கீழ் என்றால் அதே முடிவு.

ஏன் இந்த அவசரம் என்றால், நீர் சில நாட்களிலேயே நூல்நூலாகப் பின்னி அறை அறையாகப் பிரிந்துவிடும். அதற்குப்பின் டியூப் போட்டால் ஒரு அறை மட்டும்தான் காலியாகும். அறைகளை உடைக்க டியூப் வழியாக அல்டிபிளேஸ் 10 மி.கி.யும் டிஎன்ஏஸ் 5 மி.கி.யும் நாளுக்கு இருமுறை 3 நாள் கொடுக்கும் முறை இருக்கிறது. விலை காரணமாக நம் ஊரில் பல இடங்களில் யூரோகினேஸ் கொடுப்பார்கள். இரண்டு மூன்று வாரம் தாண்டினால் உறை தடித்து நுரையீரலைச் சுற்றி ஓடாகிவிடும், அப்போது ஆபரேஷன்தான்.

நுரையீரலுக்குள்ளேயே சீழ்க்கட்டி வந்தால் சளி நாறும். வாயைத் திறந்தாலே அறையில் வாடை வரும் என்று வீட்டுக்காரர்களே சொல்வார்கள். ஒரு நாள் திடீரென்று கோப்பை அளவுக்குச் சளி கொட்டினால் கட்டி மூச்சுக்குழாயில் உடைந்திருக்கிறது. கட்டி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் சீழ் நல்ல நுரையீரலுக்குள் போகும். கட்டியோ ரத்தமோ இல்லாத சாதாரண ஒருபக்க நிமோனியாவில் இதற்கு நேர்மாறு: பெரியவர்களுக்கு நல்ல பக்கம் கீழே இருந்தால் ஆக்சிஜன் கூடும். சிஸ்டர், இந்த வேறுபாட்டைக் கண்டிப்பாக வகுப்பில் சொல்லுங்கள்.

டிபியை மறக்கக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடைக் குறைவு, இரவில் வியர்வை என்று இருந்தால் லெவோபிளாக்சசின் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே சளியைச் சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும்) சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த மருந்து டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும். பத்து நாள் நன்றாக இருப்பார், பிறகு திரும்ப வரும், அதற்குள் நோய் பரவியிருக்கும். முதியவருக்கு அந்த மருந்தில் இன்னும் இரண்டு சங்கடம். கிளிமிபிரைடு சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்குச் சுகர் சட்டென்று 50, 60 என்று இறங்கலாம். கால்சியம், இரும்பு, ஜெலுசில் வகைகளோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடம்பில் ஏறாது, குறைந்தது 2 மணி நேரம் முன்னதாகக் கொடுக்க வேண்டும்.

ஜெயநகர் பொதுமருத்துவர்:

48 மணி நேரம் பற்றி நெஞ்சகப் பிரிவு சொன்னது சரிதான், 72 மணி கணக்கு வேறு நோய் இல்லாதவருக்கு. இதயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சேர்க்கிறேன். நிமோனியா வந்த முதல் சில நாட்களிலும் அதைத் தொடர்ந்த ஒரு மாதத்திலும் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் தாளக்கோளாறும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அழற்சி ரத்தத்தை உறையத் தூண்டுகிறது, ஆக்சிஜன் குறைந்த நேரத்தில் இதயம் கூடுதலாக ஓடுகிறது. காய்ச்சல் இறங்கியபின் திரும்ப மூச்சு வாங்கினால், படுத்தால் கூடி உட்கார்ந்தால் குறைந்தால், கால் வீங்கினால் "மறுபடியும் சளி" என்று நெபுலைசர் போட்டுக்கொண்டிருக்காமல் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். சாப்பிட முடியவில்லை என்று ஆஸ்பிரினை வீட்டிலேயே நிறுத்துவது இந்த நேரத்தில் ஆபத்து.

நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையில் இருப்பவர் சாப்பிடாமல் கிடந்தால், சுகர் 180, 200 என்றே இருக்கும்போதுகூட ரத்தம் அமிலமாகிவிடும். ஆழமான வேக மூச்சு, வாந்தி, வயிற்றுவலி என்று அது நிமோனியாவைப் போலவே தெரியும், நிமோனியாவோடு சேர்ந்தும் வரும். டாக்டரிடம் போனில் கேட்டு மாத்திரையை நிறுத்த வேண்டும், கீட்டோன் பார்க்க வேண்டும்.

குழப்பம் நீடித்தால் சோடியம் பாருங்கள். நிமோனியாவே சோடியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரையில் குளோர்தாலிடோனோ ஹைட்ரோகுளோரோதையசைடோ இருந்தால் இன்னும் இறங்கும்.

கல்ச்சர் மேசை:

லேப் பக்கத்திலிருந்து. ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுப்பதென்றால் முதல் டோஸுக்கு முன், இரண்டு கையிலிருந்து, பெரியவருக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. 2 மி.லி. அனுப்பிவிட்டு "கிருமி இல்லை" என்று வந்தால் அதற்கு அர்த்தமில்லை. ஆனால் கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கர்நாடகத்தில் இருப்பவர்கள் மெலியாய்டோசிஸ் என்ற பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் கிருமி. மங்களூர், உடுப்பி கரையோரத்தில் மழைக்காலத்தில் வரும், தமிழ்நாட்டிலும் உண்டு. சர்க்கரை நோயாளிகளையே பெரும்பாலும் பிடிக்கும். எக்ஸ்ரேயில் டிபி போலவே மேல்பகுதியில் குழி தெரியும், டிபி மருந்து கேட்காது. லேபில் "சூடோமோனாஸ்" என்று எழுதி அனுப்பிவிடும் பிழை அடிக்கடி நேர்கிறது. ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டியது: ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் கேட்காது, கோ-அமாக்சிகிளாவுக்குக் கேட்கும். இந்தச் சேர்க்கை கண்ணில் பட்டால் லேபைக் கூப்பிட்டுப் பேசுங்கள். செப்ட்ரியாக்சோன் இதற்குப் போதாது. செப்டாசிடைமோ மெரோபெனமோ குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசியாக, பிறகு 3 மாதம் கோ-டிரைமாக்சசோல். கல்லீரல், மண்ணீரல், புராஸ்டேட்டில் கட்டி இருக்கிறதா என்று வயிற்று ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

அடுத்தது ஸ்க்ரப் டைபஸ், சிறு உண்ணிப்பூச்சி கடியால் வருவது. காய்ச்சல், தலைவலி, அதோடு இரண்டு நுரையீரலும் வெளுத்த எக்ஸ்ரே. உடம்பில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், காதுக்குப் பின்னால், அரைஞாண் கயிறு படும் இடம். நோயாளியைக் குளிப்பாட்டும் பெண்தான் அதை முதலில் பார்ப்பார். மருந்து டாக்சிசைக்ளின். தீவிர நோயில் அதோடு அசித்ரோமைசினும் சேர்த்தால் பலன் கூடுதல் என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது.

மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நிமோனியாவில் ஒரு லேப் துப்பு: ஹீமோகுளோபினுக்குப் பொருந்தாமல் சிவப்பணு எண்ணிக்கை மிகக் குறைவாகவும், எம்.சி.ஹெச்.சி. (சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் செறிவு) நம்பமுடியாத அளவு 38, 40 என்றும் வந்தால் குளிரில் அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாதிரியை 37 டிகிரி செல்சியஸில் சூடாக்கித் திரும்ப ஓட்டினால் சரியாகும். அந்த நோயாளிக்குக் கண் மஞ்சளாவதும் ரத்தம் குறைவதும் வரலாம் என்று வார்டுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

லீஜியோனெல்லா என்ற கிருமியால் வரும் நிமோனியா என்றால் வயிற்றுப்போக்கு, குழப்பம், குறைந்த சோடியம், காய்ச்சலுக்கு ஏற்ப ஏறாத நாடி. பென்சிலின், செபலோஸ்போரின் வகை எதற்கும் கேட்காது. சிறுநீர்ச் சோதனை முதல் வகைக் கிருமியை மட்டும்தான் காட்டும், நெகட்டிவ் என்பதற்காக விட்டுவிடக்கூடாது.

அல்சூர் சிஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. மூச்சுக் கட்டத்தையும் "இன்று என்ன மாறியது" என்ற ஒரு வரியையும் எங்கள் தினசரிச் சீட்டில் சேர்க்கிறேன். இரண்டு சந்தேகம். ரைல்ஸ் டியூப் இருப்பவருக்கு வாந்தி வந்து அன்றைக்கே காய்ச்சலும் வந்தால் அது நிமோனியாதானா? குணமானபின் எக்ஸ்ரே எப்போது திரும்ப எடுக்க வேண்டும்?

நெஞ்சகப் பிரிவு:

வாந்தி உள்ளே போய் இரண்டு மூன்று மணி நேரத்தில் காய்ச்சலும் இளைப்பும் வந்தால் அது இரைப்பை அமிலம் சுட்ட புண்ணாக இருக்கலாம், கிருமித் தொற்றாக இல்லாமல். பலருக்கு 24 முதல் 48 மணி நேரத்தில் தானே தணியும். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை டாக்டர் பார்த்து முடிவெடுக்கட்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். தொற்று என்றால் இரண்டாம் மூன்றாம் நாளில் ஏறும். டியூபில் ஊற்றும் முன் வெளியே உள்ள குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரம், ஊற்றி முடித்தபின் ஒரு மணி நேரம் அப்படியே. வாயால் சாப்பிடாதவருக்கும் தினம் இருமுறை வாய் சுத்தம் செய்ய வேண்டும், பல்செட்டை இரவில் கழற்றிவிட வேண்டும்.

எக்ஸ்ரே: 50 வயதைத் தாண்டியவர், புகைப்பவர், அல்லது அறிகுறி மிச்சம் உள்ளவர் என்றால் 6 வாரம் கழித்து. அதற்கு முன் எடுத்தால் நிழல் இருக்கத்தான் செய்யும், தேவையில்லாமல் மருந்து நீளும். முதியவருக்கு முழுதாகத் தெளிய 12 வாரம்கூட ஆகும். 6 வாரத்தில் குறைந்துகொண்டே வந்தால் காத்திருக்கலாம். கொஞ்சமும் குறையவில்லை, அல்லது அதே இடத்தில் இரண்டாம் முறை நிமோனியா வந்தது என்றால் சி.டி. எடுத்து, மூச்சுக்குழாயை அடைக்கும் கட்டியோ மூச்சுக்குழாய்க்குள் போன பல்லோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப்போட வேண்டாம் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் வேண்டும்.